பதில் தெரிந்த கேள்வி

டியூஷன் தொழிலுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு வெள்ளைப் பலகை, நாற்பது நாற்காலி, அடுத்தவர் வீட்டுப் பயம், இவ்வளவும் இருந்தால் போதும். பலகையையும் நாற்காலியையும் நாம் வாங்க வேண்டும். பயத்தைப் பெற்றோரே சுமந்துகொண்டு வந்து இறக்கிவிட்டுப் போவார்கள்.

தூத்துக்குடியில் மூன்றாவது மைல் என்கிற பகுதியில், துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை ஒன்றின் மாடியில், பதினாறு வருடங்களாகப் பிளஸ் டூ கணக்கு நடத்துகிறேன். கீழே டயர் வெடித்தாலும் மேலே ஒரு தலை நிமிராது. அந்த அளவுக்கு என் வகுப்பில் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்படிப்பட்ட நான், என் ஒரே மகளைப் பாடவேளை இல்லாத, தேர்வு இல்லாத, பிள்ளைகளே கூட்டம் போட்டுக் கையைத் தூக்கி விதி எழுதுகிற ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். பிள்ளைக்குப் பள்ளி தேடி அலைந்த, அலைகிற, இனிமேல் அலையப்போகிற சக பாவிகளுக்காக அந்த ஒரு வருட அனுபவங்களை எழுதுகிறேன். அறிவுரை எதுவும் இதில் கிடையாது. என்னிடம் இருந்திருந்தால் முதலில் நானே பயன்படுத்தியிருப்பேன்.

சொந்தச் சரக்கு

என் மகள் ஹெப்சிக்கு அப்போது எட்டு வயது. ஊரில் பெயர் பெற்ற ஒரு பெரிய பள்ளியில் இரண்டாம் வகுப்பு. நன்றாகத்தான் படித்தாள். ஆனால் டெஸ்ட் உள்ள நாளில் காலையில் இட்லி உள்ளே போகும், சீருடை மாட்டியதும் வெளியே வந்துவிடும். வயிற்றுக்குச் சேரவில்லை என்று நான் இட்லியைத் தோசையாக மாற்றினேன். பிறகு சட்னியை மாற்றினேன். டாக்டரையும் இரண்டு தடவை மாற்றினேன். டெஸ்ட்டை மட்டும் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டால் என் பிழைப்பு என்னாவது?

ஒரு நாள் மாலை, வீட்டில் ஆள் இல்லாததால் அவளை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தேன். அன்று அரைமணி நேரத் தேர்வு. எண்பதுக்குக் கீழே வாங்கியவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பது என் வகுப்பின் பழைய விதி. மீசை முளைத்த பையன்கள் பதினோரு பேர் நின்றார்கள். நான் ஒவ்வொருவரிடமும் பேப்பரைக் கொடுத்து, ஏற்ற இறக்கத்தோடு நாலு வார்த்தை சொன்னேன். அந்த நாலு வார்த்தைக்கு ஊரில் நல்ல பெயர்.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் இருந்து ஹெப்சி, பெரியவள் ஆனதும் தானும் இந்த வகுப்புக்கு வர வேண்டுமா என்று கேட்டாள். "ஆமா, பின்னே? அம்மாகிட்ட வராம யார்கிட்ட போவ?" என்றேன் பெருமையாக. ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்போ நான் இப்பவே அப்பா கூட துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருதேன்மா."

மக்ரூனோடு ஒரு நேர்காணல்

அதற்கடுத்த மாதம்தான் அந்தப் பள்ளியைக் கேள்விப்பட்டேன். திருச்செந்தூர் சாலையில் உப்பளங்களைத் தாண்டி, உடைமரங்களுக்கு நடுவில் நாலு ஓட்டுக் கட்டடம். மொத்தம் இருபத்தெட்டுப் பிள்ளைகள். என்ன கற்க வேண்டும், யாரிடம் கற்க வேண்டும், எப்போது என்பதெல்லாம் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். புதன்கிழமை தோறும் பள்ளிக் கூட்டம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, பெரியவர்களுக்கும் ஒரே ஓட்டு.

நான் இருபத்திரண்டு கேள்விகளைச் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். கூடவே எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு கிலோ. தூத்துக்குடிக்காரிக்குக் காரியம் ஆக வேண்டிய இடத்துக்கு வெறுங்கையோடு போகத் தெரியாது. பள்ளியைக் கவனித்துக்கொள்ளும் மாலதி அக்கா என் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். சிலபஸ்? பிள்ளைகள் கேட்டால் போடுவோம். வீட்டுப்பாடம்? இல்லை. பத்தாம் வகுப்பு? வேண்டும் என்கிற பிள்ளை ஓப்பன் ஸ்கூலில் எழுதலாம். கடைசியில் எரிச்சலோடு, "அப்போ டீச்சர்ஸ் என்னதான் செய்வீங்க?" என்றேன். "கூப்பிட்டா போவோம்" என்றார். பதினாறு வருடத்தில் என்னை ஒரு பிள்ளையும் கூப்பிட்டதில்லை. ஓரக்கண்ணால் பார்த்து ஒளிந்ததுதான் உண்டு.

"உங்க கேள்வி முடிஞ்சுதுன்னா, இனி இவங்க கேப்பாங்க" என்று அக்கா எழுந்துகொண்டார். சேர்க்கைக் குழு வந்து உட்கார்ந்தது. நித்யா என்று பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியும், அவளைவிடச் சிறிய இரண்டு பிள்ளைகளும். என் மக்ரூனைத் தின்றுகொண்டே என்னை விசாரித்தார்கள். "ஹெப்சி ஒரு வருஷம் முழுக்க மரத்துல ஏறிக்கிட்டே இருந்தா நீங்க என்ன செய்வீங்க ஆன்ட்டி?" என்றாள் நித்யா. நான் சிரித்த முகத்தோடு, "கிளையை எண்ணச் சொல்லுவேன்" என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நித்யா நோட்டில் ஏதோ எழுதினாள். பேப்பரைத் தலைகீழாகப் படிப்பது எங்கள் தொழிலில் கைவந்த கலை. படித்தேன்: "பாப்பா ஓகே. அம்மாவுக்கு டைம் வேணும்."

நாசரேத் தீர்ப்பு

எங்கள் குடும்பத்துக்கு ஊர் நாசரேத், திருச்செந்தூர் பக்கம். தாத்தா ஆசிரியர், அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சித்தப்பாக்கள் இருவரும் ஆசிரியர்கள், அத்தை ஒருத்தி மட்டும் வழி தவறி நர்ஸ் ஆனாள். கிறிஸ்துமஸுக்குக் கூடினால் கேக்கை வெட்டுவதற்கு முன் யார் பள்ளியில் எத்தனை சதவீதம் என்று பேசி முடித்துவிடுவோம். அப்படிப்பட்ட வீட்டில் செய்தியைப் போனில் சொன்னேன். நேரில் சொல்லும் தைரியம் இல்லை.

என் கணவர் செல்வின் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர். எந்தப் பெட்டி எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறவர். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறாள் என்றே சொல்ல முடியாத பள்ளி அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு வருடம் மட்டும். அடுத்த மே மாதம் ஹெப்சிக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு வர வேண்டும், வராவிட்டால் பழைய பள்ளி. பழைய பள்ளிக்காரர்களும் நல்ல மனதோடு, மே மாதம் வரை இடம் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய பள்ளி என்றால் பழைய டெஸ்ட், பழைய வாந்தி. அது எனக்கும் தெரியும், செல்வினுக்கும் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "பிள்ளைய மரத்துல ஏத்திவிடுததுக்கா ஏளா உன்னைய நான் பி.எட். படிக்க வச்சேன்?"

இரும்புக்கடை அண்ணாச்சி

இந்த ஊரில் கப்பல் வருவதுகூடச் சில சமயம் தெரியாமல் போகும், டியூஷன் மிஸ் வீட்டுச் செய்தி தெரியாமல் போகாது. ஆகஸ்ட் மாதம் பெற்றோர் கூட்டத்தில் வழக்கம்போலப் பயம் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த மூன்று மாதம் விட்டால் பிடிக்க முடியாது, செல்போனைப் பூட்டி வையுங்கள், கல்யாண வீட்டுக்குக்கூட அனுப்பாதீர்கள் என்று எல்லாம் வழக்கமான வசனம்தான். முன்வரிசையில் ஒரு இரும்புக்கடை அண்ணாச்சி. மகனை எஞ்சினீயர் ஆக்க வேண்டும் என்பதற்காக வீட்டில் இரண்டு வருடமாக டிவி போடாதவர். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க பாப்பா எந்த ஸ்கூல் மிஸ்?" என்றார். நான் பள்ளியின் பெயரை இருமலோடு சேர்த்துச் சொன்னேன். அவர் விடவில்லை. அங்கே எத்தனை பாடம், பரீட்சை எப்போது, ரேங்க் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் வரவில்லை. அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். உண்மையாகவே விளங்காத முகத்தோடு கேட்டார்: "அப்போ எங்க பிள்ளையள மட்டும் எதுக்கு மிஸ் இந்தப் பாடு படுத்துதிய?"

இரண்டும் வேண்டும்

அண்ணாச்சி கேட்ட கேள்வி அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும். இனி பிள்ளைகள் ஒவ்வொருவராக டியூஷனை விட்டு நின்றுவிடுவார்கள், மாடியில் நானும் டயர் சத்தமும்தான் மிச்சம் என்று நினைத்தேன். அந்த வாரம் காயல்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் துபாயில். மூத்த மகன் என்னிடம் படிக்கிறான், அவனுக்கு அடுத்து ஒரு பெண் குழந்தை. கதவை லேசாகச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். சரி, பையனை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு செய்து, அவர் வாயைத் திறப்பதற்குள் நானே என் தரப்பு நியாயத்தை மளமளவென்று சொல்ல ஆரம்பித்தேன். குழந்தை டெஸ்ட் அன்று வாந்தி எடுத்தது, இரண்டு டாக்டர் மாற்றியது எல்லாவற்றையும் கொட்டினேன். டியூஷன் மிஸ் பெற்றோரிடம் கண் கலங்கக் கூடாது. லேசாகக் கலங்கிவிட்டேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தம் சின்ன மகளும் அப்படித்தான், பரீட்சை வந்தால் காய்ச்சல் வந்துவிடுகிறது என்றார். இனி பையனுக்கும் டெஸ்ட்டைக் குறைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்தபடி அவர் சொன்னார்: "சின்னவளுக்கு அந்த ஸ்கூல் நம்பர் குடுங்க மிஸ். பெரியவனுக்கு ஞாயித்துக்கிழமையும் ஒரு டெஸ்ட் வச்சிருங்க."

சிவப்புப் பேனா வழக்கு

அந்தப் பள்ளியில் மாதத்துக்கு ஒரு வீட்டுப் பெற்றோர் என்று முறைவைத்துச் சமையலுக்கு உதவப் போக வேண்டும். நவம்பரில் என் முறை. காரட் நறுக்கிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பையனிடம், "ஒரு காரட்ட எட்டா வெட்டினா, மூணு காரட்டுக்கு எத்தனை துண்டு?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், காரட்டைப் பார்த்தான், எழுந்து வேறு மூலைக்குப் போய்விட்டான். சாம்பாருக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்ணிடம் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று கேட்டேன். அவளும் நகர்ந்துவிட்டாள். அரைமணி நேரத்தில் அடுப்படியில் நான் மட்டும்தான் இருந்தேன். என் மகள் அந்தப் பக்கமே வரவில்லை.

கை அரித்தது. வெளியே வந்தால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: "இன்னைக்கு பீச்சுக்குப் போறோம். நாங்க 9 பேர், அக்கா 2 பேர், மொத்தம் 12." என் பையில் சிவப்புப் பேனா இருந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, பதினாறு வருடப் பழக்கம்தான் பொறுப்பு. பன்னிரண்டை அடித்துப் பதினொன்று என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். கீழே வட்டம் போட்டு, பத்துக்கு ஆறு என்று மார்க்கும் போட்டேன்.

புதன்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. பாயில் வட்டமாக இருபத்தெட்டுப் பிள்ளைகள். தலைமை நித்யா. புகாரை வாசித்தாள்: "ஹெப்சி அம்மா நாங்க எழுதினத எங்ககிட்ட கேக்காம திருத்தினாங்க. மார்க்கும் போட்டாங்க. சமையல் ரூம்ல எல்லார்கிட்டயும் கேள்வி கேட்டாங்க." நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே பேசலாம் என்றாள். உட்கார்ந்தேன். ஒன்பதும் இரண்டும் பதினொன்றுதானே, தப்பைத் தப்பு என்று சொல்வது தப்பா என்று என் வழக்கை எடுத்துவைத்தேன். நல்ல வாதம் என்றே நினைத்தேன். காரட் பையன் கையைத் தூக்கினான். "வேன் டிரைவர் மாமாவும் வந்தாங்கல்லா?" என்றான்.

ஆக, கணக்கிலும் நான்தான் தப்பு. ஓட்டெடுப்பு நடந்தது. கிட்டத்தட்ட எல்லாக் கையும் மேலே போனது. அதில் ஒரு கை என் மகளுடையது. தீர்ப்பு: பள்ளி வளாகத்துக்குள் இரண்டு வாரத்துக்கு, எனக்குப் பதில் தெரிந்த கேள்வியை நான் யாரிடமும் கேட்கக் கூடாது. தெரியாததைக் கேட்கலாம். வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது, அவமானத்தில் தெரியவில்லை. ஹெப்சி ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பயப்படாதம்மா, மொதத் தடவைன்னா லேசாத்தான் குடுப்பாங்க."

எத்தனை மார்க்?

தண்டனை பள்ளிக்குள் மட்டும்தான். ஆனால் மனதில் ஏறிவிட்டது. அன்று மாலை டியூஷனில் பலகைக்கு முன் நின்று வாயைத் திறந்தால், நான் கேட்கப்போகும் எல்லாக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். இதுவரை நான் கேட்ட எல்லாக் கேள்விக்குமே தெரியும். பதில் தெரிந்துகொண்டு, எதிராளிக்குத் தெரியாதா என்று பார்ப்பதைத்தான் பதினாறு வருடமாகச் செய்திருக்கிறேன். யோசிக்க யோசிக்கக் கூச்சமாக இருந்தது. சரி, பதில் தெரியாத ஒரே ஒரு கேள்வியாவது கேட்போம் என்று வகுப்பைப் பார்த்தேன்.

முன்வரிசையில் மெர்லின். பெரியதாழைப் பெண், ஊரைவிட்டு இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அப்பாவுக்குக் கடல் வேலை. என் கையில் வந்ததிலேயே கெட்டிக்காரி. நூற்றுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. என் விளம்பர பேனரில் இந்த வருடம் அவள் முகம்தான் வரப்போகிறது. "மெர்லின், உனக்கு என்ன பிடிக்கும்?" என்றேன். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். நோட்டின் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். தேதி போட்டாள். பேனாவைப் பிடித்தபடி நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வகுப்பில் கிசுகிசுப்பு எழுந்தது. கண் நிறைந்து வருவதை அடக்கிக்கொண்டு அவள் கேட்டாள்: "இது எத்தனை மார்க் கேள்வி மிஸ்?"

பத்து வாளி

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெர்லினை அப்படி ஆக்கியதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதற்காக உடனே திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிப்ரவரி முடிந்ததும் எனக்கு மே மாத ஜுரம் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி ஹெப்சியின் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவள் அதன்மேல் சுடுசட்டியை இறக்கிவைத்தாள்.

மார்ச்சில் ஒரு நாள் அவளாக வந்தாள். "அம்மா, ஒரு டவுட்டு." ஒரு வருடம் காத்திருந்த வார்த்தை. விஷயம் இதுதான். பள்ளியில் பிள்ளைகள் தார்ப்பாய் விரித்து ஒரு உப்புப் பாத்தி போட்டிருக்கிறார்கள். ஒரு வாளிக் கடல் தண்ணீரைக் காயவிட்டதில் முந்நூறு கிராம் உப்பு வந்தது. மாங்காய் ஊறுகாய் போட மூன்று கிலோ வேண்டும். எத்தனை வாளி எடுக்க வேண்டும்? "இரு, இரு" என்று நான் உள்ளே ஓடிச் சின்னப் பலகையை எடுத்துவந்தேன். நேர் விகிதம் என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டேன். வரையறை சொன்னேன். கிலோவைக் கிராமாக மாற்றும் முறை, எடுத்துக்காட்டு ஒன்று, எடுத்துக்காட்டு இரண்டு. நான் இன்னும் உப்புக்கே வரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து விரலை மடக்கி முந்நூறு, அறுநூறு, தொள்ளாயிரம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கவனிக்காதவளை அதட்ட வாயெடுத்தேன்.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "பத்து வாளிம்மா, வந்துட்டு. மிச்சத்த பிளஸ் டூ அண்ணன்மாருக்கு வச்சுக்கோ."

ஏழெட்டு

மே மாதம் வந்தது. பழைய பள்ளியிலிருந்து போன், பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். அப்பா நாசரேத்திலிருந்து வெள்ளை வேட்டி சட்டையில், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற அதிகாரி தோற்றத்தில் வந்து இறங்கினார். செல்வின் லீவு போட்டிருந்தார். நான் பொங்கிய சோற்றில் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. கூடத்தில் ஹெப்சி தரையில் உட்கார்ந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தாள். இன்று தன் அடுத்த வருடம் தீர்மானமாகப் போகிறது என்று அவளுக்கும் தெரியும். நாங்கள் மறைக்கவில்லை.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "ஏளா ஹெப்சி, ஏழெட்டு எவ்வளவு?"

நான் அடுப்படி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகள் அந்த நொடியில் செய்ததெல்லாம் கண் முன்னே வந்தது. தலை தொங்கும். காது சிவக்கும். கண் பக்கத்து நாற்காலிக்காரனிடம் பதில் தேடும். என் மகள் பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா தாத்தா?"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிட்டு எதுக்குக் கேக்கிய?"

"ஒனக்குத் தெரியுதான்னு பாக்கத்தான்."

"ஓ" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "எனக்குத் தெரியாது தாத்தா. இருங்க, கண்டுபிடிச்சுட்டு வாரேன்."

அலமாரியிலிருந்து சிப்பி டப்பாவை எடுத்துவந்து தரையில் கொட்டினாள். வரிசைக்கு எட்டாக அடுக்கத் தொடங்கினாள். செல்வின் கன்டெய்னர் அடுக்குகிறவர், அவரால் சும்மா இருக்க முடியவில்லை, குனிந்து ஒரு சிப்பியை நேராக்கினார். "கேக்காம தொடாதீங்கப்பா" என்றாள். கையை எடுத்துக்கொண்டார். ஆறு வரிசை முடிந்து ஏழாவதில் சிப்பி தீர்ந்துவிட்டது. மூன்று குறைந்தது. அவள் எழுந்துபோய் என் பையைத் திறந்து மூன்று சிவப்புப் பேனாக்களின் மூடியைக் கழற்றிவந்து வைத்தாள். பிறகு முதலிலிருந்து எண்ணினாள். நடுவில் விட்டுப்போய் மறுபடியும் எண்ணினாள். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"அம்பத்தாறு. இனிமே தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பசையை எடுத்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "பதிலுக்குப் பத்து நிமிஷமா? அது கெடக்கட்டும். தெரியாதுன்னு சொல்லுதா, மொகத்துல ஒரு பயம் இல்லயே ஏளா!" என்றார். குற்றச்சாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இந்த ஒரு வருடமும் நான் தேடிக்கொண்டிருந்த மார்க் அதுதான், அது எனக்கு அப்பா சொன்ன பிறகுதான் தெரிந்தது. பதினைந்து வயதில் அவள் என்ன ஆவாள், பரீட்சை எழுதுவாளா, எழுதினால் தேறுவாளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இன்னமும் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் டெஸ்ட் அன்று வெறும் வயிற்றோடு வேனில் ஏறின பிள்ளை இல்லை இவள்.

செல்வின் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். பழைய பள்ளிக்குத்தான். ஹெப்சி வரவில்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். எதிர்முனையில் காரணம் கேட்டிருப்பார்கள். கூடத்தில் இன்னும் கலைக்காமல் கிடந்த சிப்பி வரிசையைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "ஏழெட்டு தெரியாதுன்னு பிள்ளை தைரியமாச் சொல்லிட்டா சார், அதான்."

இன்றும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை டயர் கடை மாடியில் அதே பயத்தைத்தான் விற்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் அதை எடுத்துக்கொண்டு போவதில்லை.